கூட்டிச் சொன்ன ஒன்றரை மாதம்

இன்னும் பெயர் வைக்காத என் தம்பிக்கு,

இது அம்மா உனக்கு எழுத வேண்டிய கடிதம். நீ வளர்ந்து, உனக்குக் கல்யாணம் நிச்சயமாகி, வீட்டை விட்டுப் போகிற சமயத்தில் உன்னை உட்கார வைத்துச் சொல்ல வேண்டியது. அவள் சொல்லமாட்டாள். அப்பா மஸ்கட்டில் வெல்டராக இருக்கிறார். அவர் எப்போதுமே சொல்லமாட்டார். அவர்கள் இருவரையும் விட்டால் நம் வீட்டில் விஷயம் முழுதும் தெரிந்தவள் நான் ஒருத்திதான். எனக்குப் பதினேழு வயது, பிளஸ் டூ படிக்கிறேன். உனக்கும் எனக்கும் நடுவில் இவ்வளவு வயது இருப்பதால், உன் வார்டு வாசலில் என்னைப் பார்த்த சிஸ்டர் முதலில், "நீயாம்மா அம்மா?" என்று கேட்டாள். "இல்ல சிஸ்டர், அக்கா" என்றேன். அரை அம்மா என்று வைத்துக்கொள். அந்த உரிமையில் எழுதுகிறேன். ஆஸ்பத்திரியில் கூட வந்தவர்கள் படுக்கிற கூடத்தில் இருக்கிறேன். பக்கத்தில் பெரியம்மா, அப்பாவின் அண்ணன் மனைவி, படுத்திருக்கிறாள். அவள் புரளும்போதெல்லாம் செல்போன் வெளிச்சத்தைத் துப்பட்டாவால் மூடிக்கொள்கிறேன்.

நீ இதைப் படிப்பாய் என்று எடுத்துக்கொண்டால்தான் எனக்குக் கை ஓடுகிறது. அதனால் உன்னை மீசை வைத்த ஆளாக நினைத்துக்கொள்கிறேன். அப்பாவைப் போல உயரம். ஹெல்மெட்டை வண்டிக் கண்ணாடியில் மாட்டி வைத்துவிட்டு, போலீஸைப் பார்த்ததும் தலையில் போட்டுக்கொள்கிற ஆள். உண்மையில் நீ இப்போது மாடியில் ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிறாய். மூக்கில் குழாய், பாதத்தில் சிவப்பாக மின்னும் ஒரு பட்டை. உன் தொடை என் கட்டைவிரல் பருமன்தான். உன்னைப் பார்த்து நான் அழவில்லை. அழுகை வராதது எனக்கே பயமாக இருந்தது. மதியம் கேன்டீன் சாம்பார் சாதம் ஊசிப்போயிருக்கிறது என்று பெரியம்மா ஒரு வாயோடு கொட்டிவிட்டாள்; நான் அதற்குள் என் பொட்டலத்தைச் சாப்பிட்டு முடித்திருந்தேன். ஊசிப்போன ருசி எனக்குத் தெரியவே இல்லை. அதனால் இதில் உருக்கமாக எழுத எனக்கு வராது. நடந்ததை நடந்தபடி சொல்லிக்கொண்டு போகிறேன். நடுவில் உனக்குப் புத்தி சொல்வது போல் வந்தால் பொறுத்துக்கொள். அம்மா எழுதியிருந்தாலும் சொல்லியிருப்பாள்.

எனக்குப் பிறகு அம்மாவுக்குக் குழந்தை உண்டாகவே இல்லை. நம் ஊர் வில்லியனூரிலிருந்து உள்ளே போக வேண்டும். கரும்பு இருந்த இடத்தில் பாதிக்கு இப்போது பிளாட் கல் நட்டிருக்கிறார்கள். அம்மா திருவாண்டார்கோயில் பக்கம் ஒரு கம்பெனிக்கு பேக்கிங் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். கம்பெனி பஸ்ஸில்கூட, "ஒண்ணோட நிறுத்திக்கினியா?" என்று கேட்பார்களாம். ஊர் கேட்டதற்காக அவள் உன்னை விரும்பவில்லை, அதை நீ தெரிந்துகொள்ள வேண்டும். அவளுக்கே வேண்டியிருந்தது. "நீ போயிட்டா எனக்கு யாருடி?" என்பாள். நான் எங்கே போகிறேன் என்று கேட்டால், "எங்கியோ போவ இல்ல, அங்கதான்" என்பாள். போன முறை அப்பா நீண்ட லீவில் வந்தபோது சென்னையில் ஒரு தனியார் கிளினிக்குக்குப் போனோம். போர்டு படிக்க, ஃபாரம் நிரப்ப, என்னையும் கூட்டிப் போனார்கள். இருவரையும் பரிசோதித்தார்கள். குறை அம்மாவிடம் இல்லை. திரும்பி வரும் பஸ்ஸில் அப்பா ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தார். திண்டிவனம் தாண்டிய பிறகுதான் வாயைத் திறந்தார். "வைத்தியம் பண்ணிக்கலாம். ஆனா எங்க அண்ணன் வூட்டுக்குத் தெரியக் கூடாது. தெரிஞ்சா நான் அந்தத் தெருவுல நடக்க முடியாது." அம்மா, "நான் ஏன் சொல்லப் போறேன்?" என்றாள். அப்பா பின்சீட்டில் இருந்த என்னைத் திரும்பிப் பார்த்து, "நீயுந்தான்மா" என்றார். நான் தலையாட்டினேன். அவர் கெட்டவர் இல்லை. வாழ்நாள் முழுக்க அண்ணனுக்கு முன்னால் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டு நின்றவர், அவ்வளவுதான்.

அதன் பிறகு சென்னைக்கு அடிக்கடி போக வேண்டியிருந்தது. சித்தி வீட்டில் தங்கிக்கொள்வோம். ஊருக்குச் சொன்ன காரணம், என் பல். எனக்குப் பல் வரிசை சரியில்லை, கம்பி போடப் பார்க்கிறார்கள் என்று அம்மா சொல்லிவைத்தாள். பெரியம்மா என் தாடையைப் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பி, மாட்டுப் பல் பார்ப்பது போலப் பார்த்தாள். "இன்னாடி இது, எல்லாம் சீராத்தான இருக்குது? இதுக்கா மெட்ராஸு? மூலக்குளத்துல தெருவுக்கு ஒரு பல்லு டாக்டரு போர்டு மாட்டிக்கினு ஈ ஓட்டுறான்" என்றாள். "உள்பல்லு பெரியம்மா" என்றேன். "உள்பல்லா? அது எந்தப் பல்லு, எங்களுக்கெல்லாம் வைக்காத பல்லு?" என்று கேட்டுச் சிரித்தாள். நானும் சிரித்தேன். அந்தப் பொய் யாரையும் எதுவும் செய்யவில்லை. பொய் எல்லாம் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

அப்பா இருந்தபோது செய்த முதல் முயற்சி நிற்கவில்லை. அப்போது கிளினிக்கில் வெளியே சேர்த்து உண்டாக்கியதில் மீதி இருந்த கருவை உறைய வைத்திருந்தார்கள். பொங்கல் முடிந்ததும் அப்பா கிளம்பிப் போய்விட்டார். மாசி மகம் கழிந்த பிறகுதான் உன்னை அம்மாவின் வயிற்றுக்குள் வைத்தார்கள். அன்று நான் வெளியே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து அக்கவுண்டன்சி படித்துக்கொண்டிருந்தேன். நீ அப்பாவின் பிள்ளை, அம்மாவின் பிள்ளை, என் கூடப் பிறந்தவன். கொஞ்ச நாள் குளிர்ப்பெட்டியில் காத்திருந்தாய். கார்த்திகை தீபத்தை ஒட்டி நீ பிறப்பாய் என்று கிளினிக் டாக்டர் சொன்னார். எப்போது உண்டானது என்று யாரும் ஊகிக்க வேண்டிய அவசியமே இல்லாத குழந்தை நீ. உன் விஷயத்தில்தான் நாங்கள் தேதியை மாற்றினோம்.

திட்டம் போட்டுச் செய்யவில்லை. சப்-சென்டர் நர்ஸம்மா பதிவு செய்ய வீட்டுக்கு வந்த அன்று, பெரியம்மா எங்கள் கூடத்தில் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டு உட்கார்ந்திருந்தாள். நர்ஸம்மா, "கடைசியா எப்பம்மா தலைக்குத் தண்ணி ஊத்திக்கின?" என்று கேட்டார். பெரியம்மாவின் கை கீரையில் இருந்தது, விரல் மட்டும் ஒவ்வொன்றாக மடங்கியது. தம்பி, புருஷன் வெளிநாட்டில் இருக்கிற வீடுகளைப் பற்றி நம் தெருவில் எல்லோருக்கும் ஒரு கணக்கு மனப்பாடம். எவன் எப்போது வந்தான், எப்போது விமானம் ஏறினான், அதிலிருந்து எத்தனை மாதம். மாசியில் என்று அம்மா உண்மையைச் சொன்னால் அப்பா அப்போது ஊரில் இல்லை. அப்பா இல்லாமல் எப்படி என்று சொல்ல வேண்டுமென்றால் வைத்தியத்தைச் சொல்ல வேண்டும். வைத்தியத்தைச் சொன்னால் குறை யாருக்கு என்பார்கள். அம்மா சொன்னாள், "பொங்கலுக்கு முன்னாடி நர்ஸம்மா. அவரு இருந்தாரு இல்ல, அப்பதான்." பெரியம்மாவின் விரல் நின்றது. "பார்றா, ஃபிளைட்டு ஏற சொல்ல வெதச்சிட்டுப் போயிருக்கான் எங்க கொழுந்தன்!" என்றாள். நர்ஸம்மா சிரித்தார். அம்மாவும் சிரித்தாள். உனக்கு ஒன்றரை மாதம் வயது கூடிவிட்டது.

பிறகு தனியாகப் போய் நர்ஸம்மாவிடம் சொல்லிவிடலாம் என்று நான் சொன்னேன். "அந்தம்மா உங்க பெரியம்மாவோட சீட்டு போடுது. போய்ச் சொல்லு போ" என்றாள் அம்மா. அத்தோடு அது முடிந்தது. ஒரு தேதியைச் சொல்லிவிட்டால் அதற்குத் தகுந்தபடி எல்லாவற்றையும் நடத்த வேண்டும் என்பது அப்போது எங்களுக்குத் தெரியவில்லை. ஆனி மாதம் வந்தது. ஊர்க் கணக்குப்படி அம்மாவுக்கு ஏழாம் மாதம். ஆடியில் வளைகாப்பு செய்யமாட்டார்கள், ஆனியிலேயே செய்துவிட வேண்டும் என்று பெரியப்பா நாள் குறித்துவிட்டார். உண்மையில் உனக்கு ஐந்தாவது மாதம்தான் நடந்தது. அம்மாவுக்கு வயிறு இருப்பதே பார்ப்பவர்களுக்குச் சரியாகத் தெரியாது. வளைகாப்பு அன்று காலையில் அவள் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு என்னைக் கூப்பிட்டாள். ஒரு குளியல் துண்டை நான்காக மடித்துக் கொடுத்தேன். அது பத்தவில்லை. பழைய சுடிதார் டாப் ஒன்றை அதற்குள் வைத்து, பாவாடை நாடாவுக்கு அடியில் செருகி, மேலே பட்டுப்புடவையைக் கட்டிவிட்டேன். வயிற்றில் பிள்ளையோடு இருக்கிறவள், பிள்ளை இருப்பது போல் தெரிய வேண்டும் என்று துணி வைத்துக் கட்டிக்கொண்டாள். கண்ணாடியில் பார்த்துவிட்டு, "ரொம்பத் தெரியுதா?" என்றாள். "கொஞ்சம் எடது பக்கம் இறங்கிருக்கும்மா" என்றேன். நான் ஒரு கையால் அதைத் தூக்கிப் பிடிக்க, அவள் இடுப்பில் ஊக்கு குத்தினாள்.

நாற்காலியில் உட்கார வைத்து, கன்னத்தில் சந்தனம் பூசி, கை நிறைய வளையல் அடுக்கினார்கள். பெண்கள் வரிசையாக வந்தார்கள். "ஏழு மாசம்னா இன்னும் குனிஞ்சு கோலம் போடுறாப்ல இருக்கியேம்மா" என்றாள் ஒருத்தி. "வயிறு ஒசந்திருந்தா பொண்ணு, எறங்கிருந்தா பையன்" என்றாள் இன்னொருத்தி. "இது எறங்கவும் இல்ல, ஏறவும் இல்ல, வயித்து மேல தலகாணி வெச்சாப்ல கீது" என்று பெரியம்மா சொன்னதும் எல்லோரும் சிரித்தார்கள். அம்மா கையைத் தூக்கவே இல்லை. வளையல் போட வந்தவர்கள் கட்டிப்பிடித்துவிடுவார்களோ என்று நான் அவள் தோளுக்குப் பின்னாலேயே விசிறியோடு நின்றேன். வெயில் வேறு. வியர்வையில் துணி நனைந்து கனத்தது. எலுமிச்சை சாதம், தயிர் சாதம், புளி சாதம் எல்லாம் நன்றாக இருந்ததாகச் சொன்னார்கள்.

ஆவணி முடிய அம்மாவுக்குக் கால் வீங்கியது. பி.பி. இருக்கிறது என்று நர்ஸம்மா பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். அங்கே ஸ்கேன் எடுத்துவிட்டு, மாதத்துக்குத் தகுந்த வளர்ச்சி இல்லை என்றார்கள். அடுத்த முறையும் அதையே சொன்னார்கள். புரட்டாசியில் ஒருநாள் தலைவலி தாங்காமல், கண் மங்குகிறது என்று அம்மா சொன்னாள். அட்மிட் செய்துவிட்டார்கள். ஒரு லேடி டாக்டர், சின்ன வயதுதான், அம்மாவின் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று கேட்டார்: "உங்க டேட் கரெக்ட்தானாம்மா? குழந்தையப் பார்த்தா அவ்ளோ மாசம் ஆன மாதிரி இல்ல. முதல் ஸ்கேன் எங்க?" அம்மா சொன்னாள், "மெட்ராஸ்ல தங்கச்சி வூட்டுல இருக்க சொல்ல எடுத்தது, காணாம போயிடுச்சு மேடம். டேட் கரெக்ட்டுதான். எங்க வூட்டுக்காரரு பொங்கலோட கெளம்பிட்டாரு. அதுக்கப்புறம் அவரு வரவே இல்ல." பெரியம்மா பக்கத்தில் நின்று, "ஆமா மேடம், நாங்கதான ஏர்போர்ட்டுக்கு ஏத்திவுட்டோம்" என்று சாட்சி சொன்னாள். எந்த டாக்டராக இருந்தாலும் நம்பத்தான் செய்வார். புருஷன் இல்லாத மாதத்தைப் புருஷன் இருந்த மாதமாக மாற்றிச் சொல்வார்கள் என்று யாருக்குத் தோன்றும்? டாக்டர் தலையை ஆட்டிவிட்டு, "அப்போ ஒம்போது நடக்குது. உள்ள இருந்தாலும் இனி குழந்தை வளரப் போறதில்ல, உங்களுக்கும் ஆபத்து. நாளைக்குக் காலைல ஆபரேஷன் பண்ணி எடுத்துடலாம்" என்றார்.

பெரியம்மா டீ வாங்கப் போனதும் நான் அம்மாவிடம், "சொல்லிடும்மா" என்றேன். அவள் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்தாள். "வளரலன்னு நெனச்சிக்கினு எடுக்கறாங்கம்மா. அது வளந்துகினுதான் இருக்குது. அதுக்கு இன்னும் நேரமே ஆவல." அவள் பேசினாள், மெதுவாக: "சொல்லு. சொல்லிட்டு, உங்கப்பா இல்லாதப்ப நான் எப்படி உண்டானேன்னு உங்க பெரியம்மாவுக்கு நீயே பதில் சொல்லு." அப்பா சொல்லட்டும் என்றேன். "உங்கப்பாவா?" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். அப்பாவுக்கு போன் செய்தேன். "டாக்டருங்களுக்குத் தெரியாததாம்மா? அவங்க பார்த்துப்பாங்க" என்றார். பின்னால் மெஷின் சத்தம் கேட்டது. வேலையில் இருக்கிறேன், அப்புறம் பேசுகிறேன் என்று வைத்துவிட்டார்.

நான் தைரியசாலி இல்லை. எனக்கு ஸ்கூலில் எழுந்து நின்று பாடம் வாசிக்கச் சொன்னாலே குரல் நடுங்கும். அந்த டாக்டர் வராந்தாவில் நின்று பிஸ்கட் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அவருக்குப் பக்கத்தில் போய் நின்றேன், என்ன சொல்ல வந்தேன் என்றே மறந்துவிட்டது. "இன்னாம்மா?" என்றார். "எங்கம்மா சொன்ன தேதி தப்பு மேடம்." "யாரு சொன்னா?" "நான் கூட இருந்தேன். மாசி மகத்துக்கு அப்புறம்தான் வெச்சாங்க. ஃப்ரீஸ் பண்ணி வெச்சிருந்தது." அவர் வாயில் இருந்ததை விழுங்கிவிட்டு என்னையே பார்த்தார். எந்த கிளினிக், என்ன தேதி, எத்தனை கரு வைத்தார்கள் என்று கேட்டார். எல்லாம் சொன்னேன். கிளினிக்குக்கு அங்கேயே போன் போட்டார். பேசி முடித்ததும், "ஏன்டி, இத ரெண்டு மாசம் முன்னாடி யாராவது சொல்லியிருக்கக் கூடாதா?" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. சோர்ந்து போய்ச் சொன்னார். "இந்த மாதிரி உண்டாகறவங்களுக்கு பி.பி. வர சான்ஸ் கொஞ்சம் அதிகம். தெரிஞ்சிருந்தா ஆரம்பத்துலேருந்தே கவனிச்சிருப்போம்." பிறகு வேகமாக நடந்தார். மறுநாள் செய்ய இருந்த ஆபரேஷனைத் தள்ளிவைத்தார்கள். உன் நுரையீரல் பலப்படுவதற்கு அம்மாவுக்கு ஊசி போட்டார்கள். முன்பே மாதம் நிறைந்த பிள்ளை என்று நினைத்ததால் அந்த ஊசி தேவையில்லை என்று விட்டிருந்தார்கள். மறுநாளும் ஒரு ஊசி போட்டார்கள். அதற்கு மேல் பி.பி. கட்டுக்குள் நிற்கவில்லை. உன்னை எடுத்துவிட்டார்கள். நீ அழுதாய் என்று சிஸ்டர் சொன்னாள். பூனைக்குட்டி மாதிரியாம்.

டாக்டர் ஊசியோடு வார்டுக்கு வந்தபோதே, "ட்ரீட்மென்ட் எடுத்தத ஏன்மா மறைச்சீங்க?" என்று எல்லோருக்கும் கேட்கும்படிதான் கேட்டார். அவருக்கு நேரமில்லை. பெரியம்மா டீ டம்ளரோடு வாசலில் நின்றுகொண்டிருந்தாள். அம்மா என்னைப் பார்த்தாள். திட்டவில்லை. அன்றிலிருந்து என்னோடு பேசவில்லை. தண்ணீர் வேண்டுமென்றாலும் பக்கத்துக் கட்டில்காரியிடம்தான் கேட்கிறாள். பெரியம்மா எல்லோருக்கும் போன் செய்தாள். "பொங்கலுக்கு முன்னாடின்னாளே, அப்ப அது இன்னாவாம்? ஐஸ்ல வெச்சிருந்தாங்களாம். மீனா அது, ஐஸ்ல வெக்க?" என்று படிக்கட்டில் நின்று பேசியது எனக்குக் கேட்டது. பெரியப்பா அப்பாவைக் கூப்பிட்டிருக்கிறார். அப்பா எடுக்கவில்லை. எனக்கு மட்டும், "எடை எவ்ளோ?" என்று மெசேஜ் வந்தது. அனுப்பினேன். அதற்குப் பதில் இல்லை. ஏன் என்று நீ பெரியவனான பிறகு நேராக அவரிடமே கேட்டுக்கொள்.

உன்னைப் பார்க்கிற குழந்தை டாக்டர் வேறு ஒருவர். வழுக்கைத் தலை, எப்போதும் கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவிக்கொண்டே பேசுவார். பெரியம்மா அவரிடம், "டியூப்ல வெச்ச புள்ளைங்கறதாலதான் இப்பிடி இருக்குதா சார்?" என்று கேட்டாள். கேட்டது அவள் என்றாலும் என் கேள்வியும் அதுதான். அவர் சொன்னதை உனக்காக அப்படியே எழுதுகிறேன், நாளை யாராவது உன்னைச் சொன்னால் உன்னிடம் பதில் இருக்க வேண்டும். "அந்தக் குழந்தைங்க கொஞ்சம் முன்னாடியே பொறக்கறது, எடை கொறைவா பொறக்கறது, மத்தவங்கள விடக் கொஞ்சம் அதிகம்தான். இல்லன்னு சொல்ல மாட்டேன். ரெட்டையா இருந்தா இன்னும் அதிகம். இது ஒத்தைக் குழந்தை. அதுலயும் வைத்தியம் மட்டும் காரணம்னு சொல்ல முடியாது. அம்மாவோட வயசு, பி.பி., கொழந்த தங்காததுக்கு என்ன காரணமோ அது, எல்லாம் சேந்துதான். பெரும்பாலான குழந்தைங்க எல்லாக் குழந்தைங்க மாதிரியேதான் பொறக்குது, ஸ்கூலுக்குப் போவுது, அடம் புடிக்குது. இந்த வரிசைல இருக்கற மத்த பெட்டியெல்லாம் பாருங்க. அதெல்லாம் தானா உண்டானதுதான்." பெரியம்மா வரிசையைப் பார்த்தாள். "இவன் கஷ்டப்படறது சீக்கிரம் பொறந்ததால. எப்படி உண்டானாங்கறதால இல்ல. அந்தப் பொண்ணு வந்து சொன்னதால ஊசியாவது போட முடிஞ்சுது" என்றார். என்னைப் பார்க்காமலேயே சொன்னார். கையைத் துடைத்துக்கொண்டு போய்விட்டார்.

நான் தானாக உண்டானவள். மாதம் நிறைந்து பிறந்தவள். ஆனாலும் பிறந்ததும் மஞ்சள் காமாலை என்று நீல விளக்கில் போட்டு வைத்திருந்தார்களாம். பெரியம்மாவின் பெரிய பெண் எட்டாவது மாதத்தில், ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில் வேனிலேயே பிறந்தவள். இப்போது ஸ்கூட்டியில் பறக்கிறாள். எங்களைப் பார்த்து யாரும் நீங்கள் எப்படி உண்டானீர்கள் என்று கேட்டதில்லை. உன்னைக் கேட்பார்கள். உனக்கு ஜலதோஷம் பிடித்தால், நீ கணக்கில் பெயிலானால், வேகமாக ஓடாவிட்டால், அதனால்தான் என்பார்கள். அதை நீ காதில் போட்டுக்கொள்ளாதே. என்னிடமிருந்து உனக்கு வரும் புத்தி ஒன்றுதான். நாளைக்கு உன் மனைவி உண்டானால், ஊருக்கு நீ எந்த மாதத்தை வேண்டுமானாலும் சொல்லிக்கொள். பல்வலி என்று சொல். யாரையும் கேட்க வேண்டாம். ஆனால் டாக்டர் கேட்கும்போது கதவைச் சாத்திக்கொண்டாவது உண்மையான தேதியைச் சொல். உன்னிடம் குறை இருந்தால் அதையும் நீயே உன் வாயால் சொல். அவளைச் சொல்லும்படி விட்டுவிடாதே.

நான் செய்தது சரியா என்று எனக்குத் தெரியவில்லை. நீ பிழைத்தால் சரி என்றும், இல்லாவிட்டால் அம்மாவின் மானத்தையும் வாங்கி உன்னையும் விட்டேன் என்றும் ஆகிவிடும் போலிருக்கிறது. அப்படி ஆகக் கூடாது என்று எனக்குப் புரிகிறது. ஆனாலும் அப்படித்தான் ஆகும். பெரியம்மா எழுந்துவிட்டாள். நிறுத்துகிறேன்.

தம்பி, நேற்று அதுவரை எழுதினேன். இன்று சாயங்காலம் ஒன்று நடந்தது, அதையும் எழுதிவிடுகிறேன். மேலே அம்மா சொல்லமாட்டாள் என்று எழுதியிருக்கிறேன். அதை அடித்துத் திருத்தவில்லை, அப்படியே இருக்கட்டும்.

அம்மாவை இன்று முதல்முறையாக வீல்சேரில் உன் வார்டுக்கு அழைத்துப் போனார்கள். நான் தள்ளினேன். பெரியம்மா பிளாஸ்க்கைத் தூக்கிக்கொண்டு கூட வந்தாள். வேண்டாம் என்று யாரும் அவளிடம் சொல்லவில்லை. வாசலில் கை கழுவச் சொன்னார்கள். அம்மாவுக்கு எட்டவில்லை, நான் தண்ணீரைக் கையில் எடுத்து ஊற்றினேன். உன் பெட்டிக்குப் பக்கத்தில் நிறுத்தினேன். அவள் உன்னை எவ்வளவு நேரம் பார்த்தாள் என்று தெரியவில்லை. முகத்தில் எதுவும் மாறவில்லை. அவளும் என்னைப் போலத்தான் இருக்கிறாள் போல என்று நினைத்தேன். டியூட்டி மாறிப் புதிதாக வந்த சிஸ்டர், உன் பெட்டியில் ஒட்டியிருந்த சீட்டைப் பார்த்தாள். அதில் முதலில் எழுதிய மாதத்தை அடித்துவிட்டு மேலே வேறு எழுதியிருந்தார்கள். "இது இன்னாம்மா, ரெண்டு விதமா போட்டிருக்குது? எத்தனை மாசக் கொழந்த?" என்று என்னைக் கேட்டாள். நான் வாயைத் திறந்தேன். பெரியம்மா எங்கள் இருவரையும் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"ஏழு சிஸ்டர்" என்றாள் அம்மா. தொண்டையைச் செருமிக்கொண்டு மறுபடியும் சொன்னாள். "ஏழு மாசம்தான். மொதல்ல எழுதனது தப்பு, நான்தான் தப்பா சொன்னேன். எங்க வூட்டுக்காரரு மஸ்கட்டுல இருக்க சொல்ல வெச்சது. அவரு ஊருல இருக்கும்போதே எடுத்து வெச்சிருந்தாங்க. அவருக்குத்தான் கொறை, அதுக்குத்தான் வைத்தியம் பண்ணிக்கினோம்." சிஸ்டர், "இவ்ளோ வேணாம்மா, மாசம் சொன்னா போதும்" என்று சொல்லிவிட்டுப் பேனாவை எடுத்தாள். அம்மா பெரியம்மா பக்கம் திரும்பவில்லை. உன்னைப் பார்த்துக்கொண்டேதான் சொன்னாள். பெரியம்மா பிளாஸ்க் மூடியைத் திருகித் திறந்தாள், மறுபடியும் மூடினாள். "நான் கீழ இருக்கேன்" என்றாள். லிஃப்ட்டுக்குக் காத்திருக்காமல் படியில் இறங்கிப் போனாள். கீழே போய் யார் யாருக்கு என்ன சொல்லியிருப்பாள் என்று எனக்குத் தெரியும். அப்பாவுக்கும் இந்நேரம் போயிருக்கும்.

குழந்தை டாக்டர் வந்து பார்த்தார். நாளைக் காலையில் உன் மூக்குக் குழாயை எடுத்து, நீயாக மூச்சு விடுகிறாயா என்று பார்க்கப் போகிறார்களாம். விட்டால் நல்லது, விடாவிட்டால் மறுபடியும் போட்டுவிடுவோம், பயப்பட வேண்டாம் என்றார். வண்டியைத் திருப்பும்போது அம்மா என் கையைத் தட்டி நிறுத்தச் சொன்னாள். இத்தனை நாளுக்குப் பிறகு என் முகத்தைப் பார்த்தாள். "இன்னாடி இது, யூனிஃபாரம் சுடிதாரக்கூட மாத்தாம அதோடவே சுத்திக்கினு இருக்க?" என்றாள். "நாளைக்கு ஸ்கூலுக்குப் போ. இவன நான் பார்த்துக்கறேன்."

நாளைக்கு அந்தக் குழாயை எடுக்கும்போது நான் வகுப்பில் உட்கார்ந்திருப்பேன். உன்னைப் பார்க்காமல் போகப் பயமாக இருக்கிறது. ஆனாலும் போகிறேன், அம்மா சொல்லிவிட்டாள். நீ மூச்சை மட்டும் விடு.

உன் அக்கா